ஏற்காடு ஏற்றத்தில் கொதித்த கார்

1,80,000 கிலோமீட்டர் ஓடிய பழைய பெட்ரோல் கார் என்னுடையது. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் சூடு முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி சத்தம். 'இன்ஜினை இறக்கணும்' என்றார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவு சரி, ஃபேனும் சுற்றியது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். முள் மேலே ஏறியும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சில்லென்றே இருந்தது. அப்படியென்றால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகவே இல்லை. சூடேறியதும் திறந்து அதற்கு வழிவிட வேண்டிய வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே, பழைய பால் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கினேன். 82 டிகிரியில் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை.

புதியதை மாட்டி, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினேன். சூடு அடங்கியது, சத்தமும் முக்கால்வாசி போனது. மீதி? இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம், கொஞ்சம் முந்தியிருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பியதும் அதுவும் நின்றது.