ஃபிட்னஸ் எழுதித் தருவதற்கு முன்: ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருந்து மதிப்பீடு

ஆபரேஷன் தேதி குறித்ததும் கேஸ் ஷீட்டில் "மயக்க மருந்துக்கு ஃபிட்னஸ் வேண்டும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது வழக்கம். ஃபிட், அன்ஃபிட் என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுவதும் வழக்கம். இரண்டாலும் நோயாளிக்குப் பயனில்லை. இவருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது, ஆபரேஷன் நாளுக்குள் அதில் எவ்வளவைக் குறைக்கலாம், குறைக்க முடியாததற்குத் தியேட்டரில் என்ன தயாராக இருக்க வேண்டும்: இவைதாம் தெரிய வேண்டியவை. நாம் கேட்கும் கேள்வியும் எழுதும் டெஸ்டும் இவற்றில் ஒன்றையாவது மாற்ற வேண்டும். வேறு நோயே இல்லாத 25 வயதுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்தால் எதுவும் மாறாது. அதை விட்டுவிடலாம்.

இது வார்டில் நோயாளியை முதலில் பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதியது. நோயாளிகளும் படிக்கலாம். ஆனால் இதைப் பார்த்துத் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

ஏ.எஸ்.ஏ. எண்

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வகைப்பாட்டில் 1 என்பது முழு ஆரோக்கியம். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை 2. உடலின் இயக்கத்தையே குறைத்துவிட்ட நோய் 3. உயிருக்கு எந்நேரமும் அச்சுறுத்தலாக இருக்கும் நோய் 4. ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்ற நிலை 5. உறுப்பு தானத்துக்காக வரும் மூளைச்சாவு அடைந்தவர் 6. அவசர ஆபரேஷன் என்றால் எண்ணோடு 'இ' சேரும். இந்த எண் நோயாளியைப் பற்றி மட்டுமே பேசும், ஆபரேஷனைப் பற்றிப் பேசாது. ஏ.எஸ்.ஏ. 3 என்று எழுதியவருக்குக் கண்புரை எடுத்தாலும் வயிற்றுப் பெருந்தமனியைத் திறந்தாலும் அவர் ஏ.எஸ்.ஏ. 3தான். ஆகவே எண்ணை எழுதியதோடு மதிப்பீடு முடிந்துவிடாது.

கேட்கும் விதம்

முதல் கேள்வி, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது என்ன ஆனது என்பது. "பிரச்சினை ஒன்றுமில்லை" என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. கண் விழிக்கத் தாமதமானதா, எதிர்பாராமல் ஐ.சி.யூ.வில் வைத்தார்களா, பல் உடைந்ததா, "உங்களுக்கு டியூப் போடச் சிரமப்பட்டோம்" என்று யாராவது சொன்னார்களா, அன்று முழுக்க வாந்தியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடுத்து, ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தின்போது கடும் காய்ச்சலோ மரணமோ நேர்ந்ததா என்று கேட்க வேண்டும். மயக்க மருந்தால் உடல் சூடு கட்டுமீறி ஏறும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா பரம்பரையாக வருவது. முகர வைக்கும் மயக்க வாயுக்களும் சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்வு மருந்தும் அதைத் தூண்டும். அந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் இரண்டையும் தவிர்த்துவிட்டு நரம்புவழி மருந்திலேயே ஆபரேஷனை முடிக்கலாம். தெரியாமல் போனால் அதற்கான மாற்று மருந்து டான்ட்ரோலீனைத் தேட வேண்டிவரும். பழைய வகை வயலில் 20 மி.கி.தான் இருக்கும், ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மி.கி. 70 கிலோ ஆளுக்கு 175 மி.கி., அதாவது 9 வயல். கரைப்பதற்கு மட்டுமே இரண்டு மூன்று பேர் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிடம் போதும்.

"மூச்சு வாங்குமா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். மூச்சு வாங்கும் வேலைகளை எல்லாம் விட்டு வருஷமாகியிருக்கும், வாங்க வாய்ப்பே இல்லை. "இரண்டு மாடி நிற்காமல் கடைசியாக எப்போது ஏறினீர்கள்? இப்போது ஏன் ஏறுவதில்லை?" என்று கேளுங்கள். முழங்கால் வலியால் நிறுத்தினாரா, மூச்சுத் திணறலால் நிறுத்தினாரா என்பதில் கதையே மாறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். இரண்டு மாடி ஏறுவது ஏறத்தாழ 4 மெட் அளவு உழைப்பு. அதைத் தாண்ட முடியாதவருக்குப் பெரிய ஆபரேஷனில் இதய ஆபத்து கூடுதல். ஆளைப் பார்த்து நாமாக ஊகித்து எழுதும் மெட் கணக்கு பெரும்பாலும் பொய்க்கிறது என்று 2018ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதைவிட 12 கேள்விகள் கொண்ட டியூக் செயல்திறன் பட்டியல் நம்பகமானது. அதில் 34க்குக் கீழே வந்தால் கவனம் தேவை.

ஆபரேஷனில் இதயத்துக்கு உள்ள ஆபத்தைப் புள்ளி போட்டுக் கணக்கிட லீ குறியீடு இன்றும் போதுமானது. மார்பு, வயிறு, இடுப்புக்கு மேலுள்ள பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றில் செய்யும் ஆபரேஷன், மாரடைப்போ ஆஞ்சைனாவோ இருந்த வரலாறு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின் ஊசி போடும் சர்க்கரை, 2 மி.கி.க்கு மேற்பட்ட கிரியேட்டினின்: ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூடும். அவசரமில்லாத ஆபரேஷனை மாரடைப்புக்குப் பின் 60 நாளாவது தள்ள வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் 3 மாதமாவது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்திருந்தால் 6 மாதம், மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் ஒரு வருடம் காத்திருப்பது நல்லது. ஸ்டென்ட் என்று சொன்னவுடன் வைத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். "போன வருஷம்" என்பது 5 மாதமாகவும் இருக்கலாம், 22 மாதமாகவும் இருக்கலாம்.

குறட்டையைப் பற்றி மனைவியிடமோ கணவரிடமோ கேட்பதுதான் சரி. தூங்குகிறவருக்கு அது தெரியாது. குறட்டை, பகல் தூக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்ற எட்டில் ஐந்து இருந்தாலே தூக்க மூச்சடைப்பு நோய் இருப்பதாக எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மாத்திரைப் பை

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் "ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்" என்றுதான் பதில் வரும். பையை அப்படியே கொண்டுவரச் சொல்லி, அட்டைகளை மேசையில் பரப்பிப் பெயரைப் படியுங்கள். பாதி தீர்ந்த அட்டை, பிரிக்காத அட்டை இரண்டும் வேறு வேறு சேதி சொல்லும். பிரிக்காத பி.பி. மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று வார்டில் ஒழுங்காகக் கொடுத்தால் அழுத்தம் சரிந்துவிடும். நாட்டு மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, ஜிங்கோ போன்றவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். அவற்றை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் சிலவற்றால் ரத்தப்போக்கு கூடும்.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைப்பது), ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைப்பது), தைராய்டு, வலிப்பு, பார்க்கின்சன் மாத்திரைகளை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் ஏற்கெனவே எடுப்பவருக்கு அதை நிறுத்துவது ஆபத்து. எடுக்காதவருக்கு அன்றைக்குப் புதிதாகத் தொடங்குவதும் ஆபத்து. 2008ல் வந்த பாய்ஸ் ஆய்வில் அப்படிக் கொடுத்தபோது மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின. லோசார்டான், எனலாப்ரில் வகை பி.பி. மாத்திரைகளைப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துகிறோம். இல்லையென்றால் மயக்க மருந்து ஏறியதும் அழுத்தம் விழுந்து, வழக்கமான மருந்துக்கு மசியாது. இதயச் செயலிழப்புக்காக எடுப்பவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் வார்ஃபரின் 5 நாள் முன்பு நிற்க வேண்டும், முந்தைய நாள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். க்ளோபிடோக்ரல் 5 முதல் 7 நாள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் எடுப்பவருக்கு முதுகுத்தண்டில் ஊசி போடுவதென்றால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் 72 மணி நேர இடைவெளி. ஸ்டென்ட் வைத்தவரின் ஆஸ்பிரினை இதய மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சர்க்கரை மாத்திரைகளில் இன்று அதிகம் கவனிக்க வேண்டியது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இவற்றில் வரும் கீட்டோ அமிலத்தன்மையில் குளுக்கோமீட்டர் 160 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், நோயாளி மட்டும் வாந்தியும் வேக மூச்சுமாகச் சோர்ந்துகொண்டே போவார். இந்த மாத்திரை எடுத்தவருக்கு ஆபரேஷனுக்குப் பின் அப்படி ஆனால், சர்க்கரை அளவைப் பார்த்து சமாதானமாகாமல் ரத்தக் கீட்டோன் பாருங்கள். மெட்ஃபார்மின் அன்று காலை மட்டும் வேண்டாம். இரவு போடும் நீண்டநேர இன்சுலினை முழுதாக நிறுத்தாமல், வழக்கத்தில் 75 முதல் 80 சதவீதம் கொடுப்பது நடைமுறை. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி இரைப்பையை மெதுவாக்கும். ஊசியைப் புதிதாகத் தொடங்கியவர், டோஸ் கூட்டியவர், வயிறு உப்புசம் என்பவர் ஆகியோருக்கு, பட்டினி நேரம் சரியாக இருந்தாலும் வயிற்றில் உணவு இருக்கக்கூடும். முந்தைய நாள் முழுக்கத் திரவ உணவு, முடிந்தால் காலையில் இரைப்பை அல்ட்ராசவுண்ட்.

ப்ரெட்னிசலோன் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாதத்துக்குக் குறையாமல் எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். பெரிய ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கும்போதே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. போடுவார்கள்.

வாயும் கழுத்தும்

டியூப் போடச் சிரமமாக இருக்குமா என்று முன்பே அறிய, உட்கார வைத்துப் பாருங்கள். வாயை முழுக்கத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். 'ஆ' சொல்ல விடாதீர்கள், சொன்னால் அண்ணம் மேலே ஏறிப் பொய்க் காட்சி தரும். உள்நாக்கு முழுதாகத் தெரிந்தால் மாலம்பட்டி என்ற வகைப்பாட்டில் 1, கடின அண்ணம் மட்டுமே தெரிந்தால் 4. பிறகு அவருடைய மூன்று விரல்களை வாய்க்குள் நெட்டுக்குத்தாக வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றால் திறப்பு குறைவு. கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா, தலையைப் பின்னால் சாய்க்க முடிகிறதா, தைராய்டு குருத்தெலும்பிலிருந்து தாடை நுனிவரை 6 செ.மீ. இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் எதுவும் தனியாக நம்பத்தக்கதல்ல, இரண்டு மூன்று சேர்ந்தால்தான் அர்த்தம். தாடியும் பல் இல்லாத கன்னமும் டியூபைத் தடுக்காவிட்டாலும் மாஸ்க்கை ஒட்டவிடாது. கழுத்தில் கதிரியக்க சிகிச்சை பெற்றவர் வெளியே சாதாரணமாகத் தெரிந்தாலும் உள்ளே திசு மரக்கட்டையாகியிருக்கும். ஆடும் பல் எது என்று எண்ணோடு எழுதுங்கள். பல் செட்டைக் கழற்றியதையும் எழுதுங்கள்.

பட்டினி

"ராத்திரி 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது" என்ற ஒரே வாக்கியம்தான் இன்னும் வார்டுகளில் ஓடுகிறது. மதியம் 2 மணி ஆபரேஷன்காரருக்கு அது 14 மணி நேர வறட்சி. ஊசி போட நரம்பு கிடைக்காது, முதுகு ஊசி போட்டவுடன் அழுத்தம் சரியும், குழந்தையென்றால் அழுது ஓய்ந்துபோயிருக்கும். தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், டப்பா பால், லேசான உணவுக்கு 6, எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் 8. பின்னால் இருக்கும் எழுத்து தெரியும்படியான திரவம்தான் தெளிந்த திரவம். தண்ணீர், சக்கை இல்லாத பழச்சாறு, பால் விடாத டீ அதில் சேரும். பால் விட்ட காபி சேராது. குடல் அடைப்பு, கர்ப்பத்தின் பிற்பகுதி, வலியோடு வந்த விபத்துக் கேஸ் ஆகியவற்றில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. எத்தனை மணி நேரமானாலும் வயிறு நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

தியேட்டரில்

உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியலை மயக்கத்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த தாளால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

மயக்கத்துக்கு முன் வைக்கும் ஆக்சிஜன் மாஸ்க்கில் தவறு அடிக்கடி நடக்கிறது. சாதாரணக் காற்றில் நுரையீரலில் மிஞ்சும் ஆக்சிஜன் மூச்சு நின்றபின் ஓரிரண்டு நிமிடத்துக்கே வரும். நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பினால் ஆரோக்கியமானவருக்கு 8 நிமிடம் வரை தாங்கும். அதிக உடல் எடை உள்ளவருக்கு 3 நிமிடமே சந்தேகம். தலைப்பக்கத்தை 20 டிகிரி உயர்த்தி, மாஸ்க்கை முகத்தில் ஒட்டி, 3 நிமிடம் இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள். மாஸ்க்கை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அறைக் காற்றுதான் போகும். மூச்சோடு பை சுருங்கி விரியவில்லை என்றாலோ வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் கோடு தட்டையாக இருந்தாலோ எங்கோ கசிகிறது. வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதம் வந்ததும் தொடங்கலாம்.

டியூப் போட்டபின் கார்பன் டை ஆக்சைடு அலை வரவில்லையா? வேறு விதமாக நிரூபிக்கும்வரை டியூப் தவறான இடத்தில் இருக்கிறது. மார்பில் ஸ்டெத் வைத்து "சத்தம் கேட்கிறதே" என்று காத்திருக்கக் கூடாது. மூன்று முயற்சிக்கு மேல் குத்திக்கொண்டே இருப்பதும் கூடாது, ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்கும். மாஸ்க், தொண்டைக்குள் வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் எதிலும் ஆக்சிஜன் ஏறவில்லையென்றால் கழுத்தைக் கீறி மூச்சுக்குழாயில் டியூப் போடுவதுதான் வழி. அதற்கு 10ஆம் எண் பிளேடு, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), 6 அளவு டியூப் மூன்றும் ஒரே தட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

விழித்த பிறகு

தசைத் தளர்வு மருந்தின் மிச்சத்தைத் தலையைத் தூக்கச் சொல்லி மட்டும் முடிவு செய்யாதீர்கள். நரம்பை நான்கு முறை தூண்டி, நான்காவது தசைத் துடிப்பை முதலாவதோடு ஒப்பிடும் மீட்டரில் விகிதம் 0.9 வந்த பிறகே டியூபை எடுக்க வேண்டும். வாந்தி வரும் வாய்ப்பை அறிய ஆஃப்பெல் கணக்கு: பெண், புகைபிடிக்காதவர், முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தியோ பயண வாந்தியோ வந்தவர், பின்னர் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிமருந்து) தேவைப்படுபவர். நான்கும் இருந்தால் வாய்ப்பு சுமார் 80 சதவீதம், எதுவும் இல்லாவிட்டால் 10. மூன்று நான்கு வந்தால் தொடக்கத்திலேயே டெக்சாமெத்தசோனும் முடிவில் ஒன்டான்செட்ரானும் கொடுப்பது வாந்தி வந்தபின் ஓடுவதைவிட மேல்.

தூக்க மூச்சடைப்பு உள்ளவரை ரெக்கவரியில் பேச வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருப்பார். தனியே விட்டு அவர் தூங்கும்போதும் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். அது விழுந்தால் சாதாரண வார்டுக்கு அனுப்பாமல் தொடர் கண்காணிப்பில் வைத்து, வீட்டில் சிபாப் (தூக்கத்தில் அழுத்தத்தோடு காற்று தரும் கருவி) பயன்படுத்துபவர் என்றால் அதையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

டியூப் போடச் சிரமப்பட்ட நோயாளிக்கு எழுத்தில் ஒரு தாள் கொடுத்தனுப்ப வேண்டும். மாஸ்க்கில் காற்று போனதா, எந்த பிளேடில் என்ன தெரிந்தது, எத்தனை முயற்சி, கடைசியில் எதனால் முடிந்தது, விழித்த நிலையிலேயே டியூப் போட வேண்டியவரா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "டிஃபிகல்ட் ஏர்வே" என்று இரண்டு சொல் மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.