ரோமியோ ஜூலியட் சாவுக்கு யார் பொறுப்பு? கட்டுரையில் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் பற்றிய இந்தக் கேள்வி என்றாவது காதில் விழும். டியூஷன் குறிப்புகளில் பதிலும் தயாராக இருக்கும்: விதி, குடும்பப் பகை, பாதிரியார், காதலர்களின் அவசரம் என்று தலைக்கு ஒரு பத்தி. அதை அப்படியே எழுதி எல்லோர் மேலும் சமமாகப் பழி போடாதீர்கள், அது யாரையுமே விசாரிக்காததற்குச் சமம். ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள்.

விதி என்று சொல்லி முடிப்பது ரொம்பச் சுலபம். ஜூலியட் இறந்துவிட்டாள் என்று கேட்டதும் ரோமியோ, பாதிரியாரிடமிருந்து கடிதம் உண்டா என்று தன் வேலைக்காரன் பால்தசாரிடம் இரண்டு முறை கேட்கிறான், இல்லை என்றதும் பரவாயில்லை என்று 40 டுகட் பொற்காசு கொடுத்து விஷம் வாங்கப் போய்விடுகிறான். பொறுமையாக இருங்கள் என்று அந்த வேலைக்காரனே சொல்லிப் பார்த்தான். இதில் நட்சத்திரம் எங்கே வந்தது?

பாதிரியார் லாரன்ஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஜூலியட் சாகவில்லை, தான் கொடுத்த மருந்தில் தூங்குகிறாள் என்று அவர் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேராததற்கு அவரைத் திட்டுவார்கள். கொள்ளைநோய் பயத்தில், கடிதம் கொண்டுபோன பாதிரியார் ஜானை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் இவர் என்ன செய்வார்? கடைசியில் நடந்த சறுக்கலைப் பிடித்துக்கொள்வது நமக்கும் பழக்கம்தான். அம்பிகாபதி கதையில் அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள் என்றே பேசுகிறோம், நூறு பாடாவிட்டால் தலை போகும் என்று நிபந்தனை போட்ட சோழனை விட்டுவிடுகிறோம். லாரன்ஸின் உண்மையான குற்றம் வேறு. தான் ரகசியமாக நடத்திவைத்த காதலர்களின் கல்யாணத்தைத் தக்க நேரத்தில் வெளியே சொல்லலாம் என்று ரோமியோவுக்குத் தைரியம் சொன்னவர், ஜூலியட்டுக்கு வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸ் தன் கல்யாணத்தைப் பேச அவரிடமே வந்து நின்றபோது வாய் திறக்கவில்லை. அப்புறம் கல்லறையில், காவலர் வரும் சத்தம் கேட்டதும், இன்னும் 14 வயதுகூட நிரம்பாத பெண்ணைப் பிணங்களுக்கு நடுவே விட்டுவிட்டு ஓடிப்போகிறார். கத்தி அங்கேயே கிடக்கிறது.

அதற்கு முன்பே அப்பா கேபுலட், பாரிஸை மணக்காவிட்டால் தெருவில் கிட என்று கத்தியாயிற்று, வளர்த்த செவிலியும் பாரிஸையே கட்டிக்கொள் என்று சொல்லியாயிற்று. எல்லாம் தெரிந்த பெரியவர் என்று அவளுக்கு மிச்சமிருந்தது லாரன்ஸ் ஒருவர்தான், அதனால் என் கணக்கில் கூடுதல் பாரம் அவருக்கு.

படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். 1996இல் வந்த படத்தில் ரோமியோவின் உயிர் போகும் முன்பே ஜூலியட் கண் விழிக்கிறாள், பாதிரியார் கல்லறைப் பக்கமே வருவதில்லை. நாடகத்தில் ரோமியோ கல்லறையில் பாரிஸையும் கொல்கிறான், இதை எழுதுகிறவர்கள் குறைவு.

இன்னொன்று, இளவரசர் எஸ்கலஸின் கடைசிப் பேச்சைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்கிறார், யாருக்கு எது என்று சொல்வதில்லை. ஷேக்ஸ்பியர் கையாண்ட ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் விஷம் விற்றவனுக்குத் தூக்கு, செவிலிக்கு நாடுகடத்தல் என்று தெளிவாகவே இருக்கிறது. நாடகத்தில் அந்தப் பட்டியல் இல்லை, பகையைக் கண்டும் காணாமல் இருந்ததற்காக இளவரசர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். எஸ்கலஸை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.