8085 அசெம்பிளி: முதல் இரண்டு நிரல்களைக் கையால் எழுதி ஓட்டுவது எப்படி?

செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் மொழியான அசெம்பிளியைக் கற்க நினைக்கும் பலர் இன்றைய செயலிகளில் தொடங்கி, அவற்றின் கட்டளைப் பட்டியலைப் பார்த்து மிரண்டு பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 8085-இல் தொடங்குங்கள். 1976-இல் இன்டெல் வெளியிட்ட 8 பிட் செயலி இது. இதன் குறைமின் வடிவமான 80சி85, 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியை இயக்கியது. நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் இதன் கிட்டை (விசைகளும் சிறு திரையும் கொண்ட பயிற்சிப் பலகை) ஆய்வகத்தில் தொட்டிருப்பார்கள். ஒரு மனிதரின் தலைக்குள் முழுதாக அடங்கிவிடும் செயலி என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

கிட் கைவசம் இல்லையென்றால் ஜிஎன்யூசிம்8085 என்ற கட்டற்ற சிமுலேட்டரை (8085 போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருள்) இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வரி ஓடிய பிறகும் எந்த ரெஜிஸ்டரில் (செயலிக்குள் ஓர் எண்ணை வைக்கும் சிறு இடம்) என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிப் பழகாதவர்களுக்கு அசெம்பிளி கைகூடாது.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது

கணக்கு நடக்கும் இடம் அக்குமுலேட்டர், அதாவது ஏ ரெஜிஸ்டர். அதோடு பி, சி, டி, இ, ஹெச், எல் என்று ஆறு. ஒவ்வொன்றிலும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கலாம். ஹெச், எல் இரண்டையும் சேர்த்தால் 16 பிட் முகவரி கிடைக்கும். 65,536 பைட் மெமரியில் எந்த இடத்தையும் அதைக்கொண்டு சுட்டலாம். இவை தவிர, கணக்கு முடிந்ததும் மாறும் கொடிகள் (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஒற்றை பிட்டுகள்) ஐந்து. இப்போதைக்கு இரண்டு போதும்: விடை பூஜ்யமானால் எழும் ஜீரோ கொடி, கூட்டல் 255-ஐத் தாண்டினால் எழும் கேரி கொடி.

எண்களை ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான முறையில் எழுதுவோம். 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள். இந்தப் பதிவில் வரும் நிரல்களில் எல்லா எண்ணும் ஹெக்ஸ்தான். சிமுலேட்டரில் எண்ணுக்குப் பின்னால் ஹெச் என்ற எழுத்தைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அது சாதாரணப் பத்தடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும்.

படி 2: இரண்டு எண்களைக் கூட்டுதல்

8000 : 3இ 25 – எம்விஐ ஏ, 25
8002 : 06 17 – எம்விஐ பி, 17
8004 : 80 – ஏடிடி பி
8005 : 32 00 81 – எஸ்டிஏ 8100
8008 : 76 – ஹெச்எல்டி

இடப்பக்கம் முகவரி, நடுவில் செயலி படிக்கும் பைட்டுகள், வலப்பக்கம் நாம் படிக்கும் கட்டளை. எம்விஐ என்றால் பக்கத்திலுள்ள எண்ணை ரெஜிஸ்டரில் போடு. ஏடிடி பி என்றால் ஏ-யோடு பி-யைக் கூட்டி விடையை ஏ-யிலேயே வை. எஸ்டிஏ அந்த விடையை மெமரிக்கு அனுப்பும்.

எஸ்டிஏ வரியை உற்றுப் பாருங்கள். முகவரி 8100, ஆனால் பைட்டுகள் 00 81 என்று திருப்பி நிற்கின்றன. 8085 முகவரியின் கீழ்ப் பாதியைத்தான் முதலில் படிக்கும். கிட்டில் கையால் பைட் ஏற்றும்போது 81 00 என்று போட்டால் விடை 0081 என்ற முகவரியைத் தேடிப் போய்விடும்.

கிட்டில் ‘சப்’ என்றோ வேறு பெயரிலோ மெமரியில் எழுதும் விசை இருக்கும். அதை அழுத்தி, 8000 முதல் ஒவ்வொரு பைட்டாக ஏற்றி, ஓட்டுங்கள். சில கிட்டுகளில் நிரல் 4100-இல் தொடங்க வேண்டும். கையேட்டைப் பார்த்து முகவரிகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஹெச்எல்டி வந்ததும் செயலி நின்றுவிடும். ரீசெட் அழுத்திவிட்டு 8100-ஐப் பாருங்கள்.

அங்கே 42 இருக்காது, 3சி இருக்கும். ஹெக்ஸில் 5-ம் 7-ம் சேர்ந்தால் சி. 2-ம் 1-ம் சேர்ந்தால் 3. சரி, 42 என்றே வேண்டுமானால்? ஏடிடி பி வரிக்கு அடுத்து 27 என்ற ஒரே பைட்டைச் செருகுங்கள். அடுத்த கட்டளைகள் ஒரு பைட் கீழே தள்ளிப்போகும். அது டிஏஏ கட்டளை. கீழ் இலக்கம் சி, 9-ஐ விடப் பெரியது என்று பார்த்து 6-ஐக் கூட்டும். 3சி-யோடு 6 சேர்ந்தால் 42. எண்களைப் பத்தடிமான இலக்கங்களாகவே வைத்துக் கணக்குப் போட இந்த ஒரு பைட் கைகொடுக்கும்.

படி 3: சுழற்சி

8200 முதல் 8204 வரை 01, 02, 03, 04, 05 ஏற்றிக்கொள்ளுங்கள். அவற்றைக் கூட்டுவோம்.

8000 : 21 00 82 – எல்எக்ஸ்ஐ ஹெச், 8200
8003 : 0இ 05 – எம்விஐ சி, 05
8005 : ஏஎஃப் – எக்ஸ்ஆர்ஏ ஏ
8006 : 86 – ஏடிடி எம்
8007 : 23 – ஐஎன்எக்ஸ் ஹெச்
8008 : 0டி – டிசிஆர் சி
8009 : சி2 06 80 – ஜேஎன்இசட் 8006
800சி : 32 00 81 – எஸ்டிஏ 8100
800எஃப் : 76 – ஹெச்எல்டி

எக்ஸ்ஆர்ஏ ஏ என்பது ஏ-யைப் பூஜ்யமாக்கும் ஒரு பைட் வழி. எம் என்பது தனி ரெஜிஸ்டர் இல்லை, ஹெச்எல் சுட்டும் மெமரி இடம். எல்எக்ஸ்ஐ ஹெச் என்றால் ஹெச்எல்-இல் அந்த முகவரியைப் போடு. ஐஎன்எக்ஸ் ஹெச் என்றால் ஹெச்எல்-இல் ஒன்றைக் கூட்டு. டிசிஆர் சி என்றால் சி-யில் ஒன்றைக் குறை. ஜேஎன்இசட் என்றால் ஜீரோ கொடி எழாவிட்டால் அந்த முகவரிக்குத் தாவு. இப்போது பென்சிலை எடுங்கள். முதல் சுற்று முடிவில் ஏ 01, ஹெச்எல் 8201, சி 04. இரண்டாவதில் 03, 8202, 03. மூன்றாவதில் 06, 8203, 02. மீதி இரண்டையும் நீங்களே எழுதுங்கள். கடைசியில் சி பூஜ்யமாகும், ஜீரோ கொடி எழும், ஜேஎன்இசட் தாவாமல் கீழே இறங்கும். 8100-இல் 0எஃப் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. டிசிஆர் சி ஜீரோ கொடியை மாற்றும்; ஐஎன்எக்ஸ், டிசிஎக்ஸ் இரண்டும் எந்தக் கொடியையும் தொடாது. அதிகச் சுற்றுகள் வேண்டுமென்று பி, சி இரண்டையும் ஜோடியாக்கி, அந்த ஜோடியில் ஒன்றைக் குறைக்கும் டிசிஎக்ஸ் பி போட்டுவிட்டு உடனே ஜேஎன்இசட் எழுதினால், எப்போதோ ஏடிடி எம் விட்டுச்சென்ற கொடியைப் பார்த்துத்தான் நிரல் முடிவெடுக்கும். பி, சி இரண்டும் பூஜ்யமா என்று பார்க்க மூவ் ஏ, பி (பி-யை ஏ-யில் நகலெடு). அப்புறம் ஓஆர்ஏ சி (ஏ, சி இரண்டின் பிட்டுகளையும் ஒன்றுசேர்; இரண்டும் பூஜ்யமானால்தான் விடை பூஜ்யம்). ஆனால் அதற்கு முன் ஏ-யிலுள்ள கூட்டுத்தொகையை வேறு ரெஜிஸ்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

நேரத்தையும் கணக்கிடலாம். ஏடிடி எம்-க்கு 7 கடிகாரத் துடிப்பு, ஐஎன்எக்ஸ்-க்கு 6, டிசிஆர்-க்கு 4, தாவும் ஜேஎன்இசட்-க்கு 10. ஒரு சுற்றுக்கு 27. 3 மெகாஹெர்ட்ஸில் அது சரியாக 9 மைக்ரோ நொடி. இன்றைய செயலியில் இப்படி அடித்துச் சொல்லவே முடியாது.

அடுத்ததாக, ஐந்து இடங்களிலும் 80 ஏற்றி இதே நிரலை ஓட்டுங்கள். விடை 80 என்றே வரும், ஏனென்றால் கேரியை நாம் கண்டுகொள்ளவில்லை. தொடக்கத்தில் பி-யைப் பூஜ்யமாக்கி, ஏடிடி எம்-க்குப் பிறகு ஜேஎன்சி (கேரி எழாவிட்டால் அடுத்த கட்டளையைத் தாண்டிப் போ), ஐஎன்ஆர் பி (பி-யில் ஒன்றைக் கூட்டு) இரண்டையும் சேருங்கள். தாவும் முகவரிகள் மாறும். அவற்றைக் கையாலேயே கணக்கிடுங்கள். முடிவில் பி-யை 8101-இல் சேமியுங்கள். 8100-இல் 80, 8101-இல் 02 வந்தால் சரி.