ரோட்டோருவா பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ரோட்டோருவா சுமார் 230 கி.மீ., காரில் மூன்று மணி நேரம். காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது வை-ஓ-தாப்பு வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் உள்ள லேடி நாக்ஸ் ஊற்று. தினமும் காலை 10.15க்குப் பணியாளர் ஒருவர் அதன் வாயில் சோப்பு போன்ற பொருளைப் போடுவார். நீரின் பரப்பு இழுவிசை குறைந்ததும் உள்ளே அடங்கியிருந்த கொதிநீர் பீறிடும். இதற்கு அடுத்த காட்சி கிடையாது. ஊற்று இருப்பது நுழைவாயிலில் அல்ல, சற்றுத் தள்ளி. முதலில் டிக்கெட் வாங்கி, பிறகு காரில் அங்கே போக வேண்டும். ரோட்டோருவா நகரிலிருந்தே அரை மணி நேரம் ஆகும் என்பதால் 9.15க்குள் கிளம்பிவிடுங்கள். இரண்டு இரவுகளாவது தங்குவதே சரி.

சோப்பு இல்லாமல் தானாகப் பொங்குவதைப் பார்க்க விரும்பினால் தே புயா பூங்காவில் உள்ள போஹூட்டு ஊற்றுக்குப் போகலாம். மணிக்கு ஓரிரு முறை, சில சமயம் 30 மீட்டர் உயரம் வரை எழும். குறித்த நேரம் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். பக்கத்திலேயே, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஃபாகாரேவாரேவா கிராமம் இருக்கிறது. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு என்றாலும் வாசலும் டிக்கெட்டும் வேறு வேறு. கிராமத்தில் மக்கள் உண்மையாகவே குடியிருக்கிறார்கள். வீட்டு முற்றங்களுக்குள் கேமராவோடு நுழையக் கூடாது.

எங்கே போனாலும் மரப்பாதையையும் வேலியையும் தாண்டாதீர்கள். கெட்டியாகத் தெரியும் மண் மெல்லிய ஓடாக இருக்கலாம். அடியில் கொதிக்கும் சேறு. வை-ஓ-தாப்புவின் ஷாம்பெயின் குளத்தில் நீரின் மேற்பரப்பே 74 டிகிரி.

குளிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, தலையை முக்குவது. கேரளச் செய்திகளில் அடிபடும் அதே மூளை தின்னும் அமீபா வெதுவெதுப்பான இயற்கைக் குளங்களிலும் ஓடைகளிலும் இருக்கக்கூடும். மூக்கு வழியாகத்தான் அது மூளைக்குப் போகிறது, எனவே கழுத்துக்கு மேல் நனையாமல் இருந்தால் போதும். ஒரு முறைக்கு 15 நிமிடம், பிறகு வெளியே வந்து தண்ணீர் குடிப்பது நல்லது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் அறையில் கழற்றி வையுங்கள். கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும்.

ஊர் முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாற்றம் பிடிக்கவில்லை என்று விடுதி அறையிலோ தனிக்குளியல் அறையிலோ காற்றுத் துவாரத்தை அடைப்பது ஆபத்து. கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாமல் போவது மூக்கு பழகிவிட்டதால்தான், வாயு போய்விட்டதால் அல்ல.

ஏரிகளில் திக்கிதாப்பு என்ற நீல ஏரியில் நீந்தலாம். அடுத்துள்ள பச்சை ஏரி ரோட்டோகாகஹி மாவோரிகளுக்குச் சொந்தமானது, புனிதமானது. அதில் நீச்சல், படகு, மீன்பிடிப்பு எதுவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள மேட்டில் நின்று பார்க்கலாம்.

மாவோரி வரவேற்புச் சடங்கான போஃபிரியில் ஒரு வீரர் ஆயுதம் சுழற்றி, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி எதிரே வருவார். வந்தவர் நண்பரா பகைவரா என்று பார்க்கும் சவால் அது. அந்த நேரத்தில் சிரிப்பதும், அவரைப் போலவே செய்து காட்டுவதும் அவமதிப்பு. ஹோங்கி வணக்கத்தில் மூக்கும் நெற்றியும் மெல்லப் பட வேண்டும், உரசக் கூடாது. கூட்ட இல்லத்துக்குள் செருப்போடு போகக் கூடாது, அங்கே சாப்பிடவும் கூடாது. மேசை மேல் உட்காருவதும் மரியாதைக் குறைவு. உணவு வைக்கும் இடம் அது.

ஹாங்கி விருந்தில் ஆட்டிறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, குமரா என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் சுட்ட கற்களோடு மண்ணுக்குள் மணிக்கணக்கில் ஒன்றாக வேகும். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். தட்டு வந்த பிறகு சொன்னால் இறைச்சிச் சாறு படாத கிழங்குகூடக் கிடைக்காது.