கான்கிரீட் தரையில் எண்ணெய்க் கறை: தேய்த்தால் போகாததற்குக் காரணமும் போக்கும் வழியும்

கார் நிற்கும் இடத்தில் ஒரு கருந்திட்டு. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் கறுப்பு நுரை ஓடுகிறது, தரையும் வெளுத்தது போல் தெரிகிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே திட்டு. வண்டி மறுபடி ஒழுகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் இது பழைய எண்ணெய்தான்.

கான்கிரீட் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்க மயிரிழைத் துளைகள். கலவையில் சிமெண்டோடு சேராமல் மிஞ்சிய தண்ணீர் விட்டுப்போன வழிகள் அவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துளைகளில் எண்ணெய் இறங்குகிறது. மேலே கழுவிக் காயவிட்டால், அடியில் தங்கியது அதே வழியாக மேலே ஏறுகிறது. அதனால் எண்ணெயை மேல்நோக்கி இழுக்க, கான்கிரீட்டை விட நன்றாக உறிஞ்சும் ஒரு பொருளை அதன் மேல் வைக்க வேண்டும். பிரஷ் வேலையெல்லாம் அதற்குப் பக்கத்துணை.

ஒழுகுவது என்ன?

வண்டிக்கு அடியில் இரவு ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். பழுப்பு அல்லது கறுப்புச் சொட்டு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீராக இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். எண்ணெயே இல்லை, தண்ணீரில் கரையும். ஆனால் நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே துடைத்து, ஈரத்துணியால் பலமுறை ஒற்றி எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பிரேக் ஆயிலும் தண்ணீரோடு கலக்கும், ஆனால் பெயின்ட் பூசிய தரையை அரித்துவிடும். கீழே சொல்வதெல்லாம் நிஜமான எண்ணெய்க் கறைக்கு. ஒழுகலை அடைக்காமல் தரையைச் சுத்தம் செய்வது வீண்வேலை என்பதால் முதலில் வண்டியைப் பாருங்கள், முடியாவிட்டால் அடியில் ஒரு தட்டாவது வையுங்கள்.

புதிதாகச் சிந்தியது

தண்ணீர் ஊற்றாதீர்கள், துணியால் தேய்க்காதீர்கள். இரண்டும் கறையைப் பரப்பும். தேங்கி நிற்பதைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மரத்தூள், உலர்ந்த களிமண் தூள், பூனை மலம் கழிக்கப் போடும் களிமண் துகள், இவற்றில் கிடைத்ததை 1 செ.மீ. கனத்துக்குக் கொட்டுங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கொட்டினால் எண்ணெய் வெளியே ஓடாது. பழைய ஷூ போட்டு மேலே நின்று பாதத்தைத் திருகித் திருகி அரைத்தால் துகள் பொடியாகும். துகள் சிறுத்தால் உறிஞ்சல் கூடும். தூள் கறுத்ததும் பெருக்கி எடுத்துப் புதுத்தூள் போட்டு, ஓர் இரவு விடுங்கள்.

மணல் கிடைத்தால் ஓடுவதைத் தடுக்க உதவும், உறிஞ்சுவதில் மட்டம்தான். சிமெண்ட் தூளும் நன்றாக உறிஞ்சும். ஆனால் அதைத் துளி மிச்சமில்லாமல் பெருக்கிய பிறகே தண்ணீர் படவேண்டும். இல்லையென்றால் கறை இருந்த இடத்தில் கெட்டிச் சிமெண்ட் பொருக்கு உட்கார்ந்துவிடும்.

பழைய கறைக்கு முதலில் கழுவல்

திட்டு மேல் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பொருக்காகியிருந்தால் புட்டி பிளேடால் சுரண்டி எடுங்கள். பிறகு கைபொறுக்காத சூடுள்ள 1 லிட்டர் தண்ணீரில் சலவை சோடா கலந்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 மேசைக்கரண்டி சேருங்கள். சலவை சோடா வெறும் பொடியானால் 50 கிராம், கண்ணாடித் துண்டு போன்ற படிகமானால் 130 கிராம். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சோப்பை விட்டுவிட்டு சோடாவை மட்டும் போடுவது பலர் செய்யும் பிழை. தாவர எண்ணெய், நெய் போன்றவற்றைக் காரம் ஓரளவு சோப்பாகவே மாற்றும். என்ஜின் ஆயில் அப்படி மாறாது, அதைத் தண்ணீரோடு கலக்க வைக்க சோப்பு வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

கறையைச் சுற்றியுள்ள நல்ல தரையை முதலில் ஈரமாக்குங்கள். அதன் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், கரைந்து வரும் எண்ணெய் அங்கே நுழையாது. கரைசலைக் கறை மேல் ஊற்றி 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். காய விடக்கூடாது, காய்ந்தால் இளகிய எண்ணெய் மறுபடி படிந்துவிடும். பிறகு கெட்டியான நைலான் பிரஷால் 5 நிமிடம் அழுத்தித் தேய்த்து, கறுத்த நுரையைப் பழந்துணியாலோ ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனராலோ எடுங்கள். ஹோஸ் பிடித்து அடித்துத் தள்ளினால் தரை முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் ஆகும்.

இதை 2, 3 முறை செய்யுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை நுரையே சொல்லும். தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாக வந்தால் இன்னும் வெளியே வருகிறது. நுரை வெள்ளையாகவே நின்று, தரை மட்டும் கறுப்பாக இருந்தால் சோப்பின் கை எட்டாத ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது. அதற்கு மேல் தேய்ப்பது தோளுக்குத்தான் கேடு.

பற்றுப் போடுவது

வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது போலத்தான். தூள் ஒன்று, அதை ஈரமாக்க ஒரு திரவம். தூளுக்குச் சுண்ணக்கட்டித் தூளோ முகப்பவுடர் செய்யும் டால்க் தூளோ போதும். திரவத்துக்கு, பெயின்ட் இளக்கப் பயன்படும் மினரல் டர்பன்டைன். சாண் அகலத் திட்டுக்குச் சுமார் அரைக் கிலோ தூள் வேண்டும். டர்பன்டைனைச் சிறுகச் சிறுக விட்டு, சுவருக்குப் பூசும் பட்டி பதத்துக்குப் பிசையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது. வழிந்தால் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு பக்கத்தில் பரப்பும்.

கழுவிய தரை குறைந்தது 2 நாள் காய்ந்த பிறகுதான் இதைப் போட வேண்டும். துளைகளில் தண்ணீர் இருந்தால் டர்பன்டைன் உள்ளே போகாது. 6 மி.மீ. முதல் 1 செ.மீ. கனத்துக்கு, கறை விளிம்பைத் தாண்டி 5 செ.மீ. வரை அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பற்று தானாக உலர்ந்து வெடிக்கும் வரை தொடாதீர்கள்.

மூடியிருக்கும்போது டர்பன்டைன் உள்ளே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. திறந்தபின் அது மேல்வழியாக ஆவியாகும்போது எண்ணெயைக் கூட இழுத்து வந்து தூளில் விட்டுப் போகிறது. ஆக, நிஜமான வேலை இரண்டாம் கட்டத்தில்தான் நடக்கிறது. பொறுமையில்லாமல் ஈரமாகவே சுரண்டியவர்களுக்குக் கறை முன்பை விட அகலமாகத்தான் தெரியும். காய்ந்த பற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் வேலை நடக்கிறது, இன்னொரு முறை போடலாம். ஆழக் கறைக்கு 3 முறை சாதாரணம்.

டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். கதவு திறந்திருக்க வேண்டும். அருகில் கேஸ் கீசர், சார்ஜர், சிகரெட் கூடாது. காற்றோட்டம் இல்லாத அடித்தளமானால் டர்பன்டைனுக்குப் பதில் மேலே சொன்ன சோடா சோப்புக் கரைசலிலேயே தூளைக் குழைத்துப் போடுங்கள். பலன் குறைவு, ஆபத்தும் குறைவு. பெயின்ட், எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு), சீலர் (துளைகளை அடைக்கும் பூச்சு) பூசிய தரையில் டர்பன்டைன் வேண்டாம். அங்கே கறை மேலேயே நிற்கும், சோப்பு நீரே போதும்.

கை வைக்கக் கூடாதவை

ஆசிட் எண்ணெயைக் கரைக்காது. அது சிமெண்டைத்தான் தின்னும், எண்ணெய் பட்ட இடத்தில் அதையும் சரியாகத் தின்னாது. கறையைச் சுற்றி ஜல்லி தெரியும் அளவுக்கு அரிக்கும், கறை நடுவில் அப்படியே நிற்கும். பிளீச்சிங் பவுடருக்கும் எண்ணெயோடு வேலையில்லை. ஆசிட் ஊற்றிய இடத்தில் அதைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை. இரும்புக் கம்பி பிரஷின் துணுக்குகள் தரையில் தங்கித் துருவேறி, கறுப்புப் புள்ளிக்குப் பதில் செம்புள்ளி தரும். பிரஷர் வாஷர் பயன்படுத்துவதானால் சோப்பு ஊறியபின், விசிறிபோல் பரவும் 25 டிகிரி முனையை 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஒற்றைத் தாரையாக அடிக்கும் முனை தரையைக் கீறிக் கோடு போடும்.

எண்ணெய் ஊறிய துணியையும் மரத்தூளையும் மூலையில் குவித்து வைக்காதீர்கள். மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு வெளியே வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேருங்கள். கறுத்த தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடவே கூடாது.

எல்லாம் முடிந்தபின் கறை இருந்த இடம் பக்கத்துத் தரையை விட வெளுப்பாகத் தெரியலாம். அது சுத்தமான கான்கிரீட்டின் நிறம். மீதித் தரையையும் ஒருமுறை சோப்பு நீரில் கழுவினால் ஒத்துப்போகும். சீலரோ எபாக்ஸியோ பூசும் எண்ணம் இருந்தால், காய்ந்த தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மேலே பூசியது உரிந்து வரும். சில நிமிடத்தில் உறிஞ்சப்பட்டு தரை கறுத்தால் பூசலாம். ஒரு வாரம் விட்டு அதே இடத்தில் மறுபடி விட்டுப் பார்த்தபிறகு டப்பாவைத் திறப்பது நல்லது.