உங்கள் ரைஃபிள் முறுக்குக்கு எந்தக் குண்டு பொருந்தும்? அளந்து பார்க்கும் முறை

ரைஃபிள் குழலின் உட்சுவரில் பள்ளங்கள் சுருளாக ஓடுகின்றன. குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு நகர்வதால் சுழன்றபடியே வெளியே வருகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போகிறது என்பதுதான் முறுக்கு விகிதம். ட்விஸ்ட் ரேட் என்றும் சொல்வார்கள். 1:9 என்றால் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறிதானால் முறுக்கு அதிகம். இதைப் பலரும் முதலில் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: 1:12-ஐ விட 1:7 வேகமாகச் சுழற்றும்.

சுழற்சி எதற்கு? நீண்ட கூர்முனைக் குண்டில் எடை மையம் பின்பக்கம் இருக்கிறது. காற்று தள்ளும் புள்ளியோ அதற்கு முன்னால் இருக்கிறது. அதனால் காற்று எந்நேரமும் குண்டின் மூக்கைப் பிடித்துப் புரட்டப் பார்க்கும். சுற்றும் பம்பரம் விழாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு அந்தப் புரட்டலுக்கு இடம் கொடுக்காமல் நேராகப் போகிறது. குண்டு நீளமானால் புரட்டும் விசை கூடும், வேகமான சுழற்சியும் தேவைப்படும். கவனியுங்கள், நீளம் என்றுதான் சொல்கிறேன், எடை என்று சொல்லவில்லை.

படி 1: முறுக்கை அளங்கள்

குழலிலேயே பொறித்திருந்தால் வேலை மிச்சம். இல்லையென்றால் முதலில் ரைஃபிளில் தோட்டா எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணியைச் சுற்றி, குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளுங்கள். கம்பியின் மேற்பக்கத்தில், கைப்பிடிக்கு அருகே ஓர் அடையாளம் போட்டு, அதிலிருந்து குழலின் விளிம்பு வரை உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தள்ளத் தள்ளக் கம்பி திரும்பும். அடையாளம் ஒரு சுற்று முடித்து மறுபடி மேலே வரும்போது, கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று அளங்கள். துணி தளர்ந்து வழுக்கினால் கணக்கு தப்பும், ஆகவே மூன்று முறையாவது செய்து பாருங்கள்.

படி 2: குண்டின் நீளம்

முழுத் தோட்டாவை அல்ல, அதன் முனையிலிருந்து பறந்து போகும் குண்டை மட்டும் அளக்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் விவரத்திலேயே பெரும்பாலும் இருக்கும். தனிக் குண்டு கையில் இருந்தால் வெர்னியர் காலிப்பர் போதும்.

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். “என் குழல் 62 கிரெய்ன் வரை தாங்கும்” என்று எடையை வைத்தே பேசிப் பழகிவிட்டோம் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு). ஒரே விட்டத்தில் ஒரே பொருளால் செய்த குண்டு என்றால் எடை கூடினால் நீளமும் கூடும், அதுவரை இந்தப் பேச்சு செல்லும். ஆனால் செம்பு ஈயத்தை விட இலேசானது. அதே எடைக்கு முழுச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், இன்னும் வேகமான முறுக்கு கேட்கும். எடையை மட்டும் பார்த்து வாங்கியவர் இங்கே ஏமாந்துபோவார்.

படி 3: கணக்கு

1879-இல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தந்த சூத்திரம் இன்றும் தொடக்கத்துக்குப் போதுமானது:

முறுக்கு = 150 × விட்டம் × விட்டம் ÷ நீளம்

எல்லாம் அங்குலத்தில். குண்டின் வேகம் விநாடிக்கு 2800 அடிக்கு மேல் என்றால் 150-க்குப் பதில் 180 போடுவது வழக்கம்.

.223 தோட்டாவில் உண்மையான குண்டின் விட்டம் 0.224 அங்குலம். நீளம் 0.75 என்று வைத்துக்கொள்வோம். 150 போட்டால் சுமார் 10, 180 போட்டால் சுமார் 12 வரும். சரி, நீளத்தை 0.9 ஆக்குங்கள்: 8.4, 10. வெறும் 0.15 அங்குலம் கூடியதற்கே 1:12 குழல் போதாமல் போய்விட்டது!

இது ஈயக்கருக் குண்டுக்கான சூத்திரம். நுனியில் பிளாஸ்டிக் வைத்த குண்டுக்குத் தேவைக்கு மேல் வேகமான முறுக்கைச் சொல்லும்.

படி 4: கொஞ்சம் இடம் விடுங்கள்

நிலைத்தன்மையை ஓர் எண்ணாகச் சொல்வதுண்டு. 1-க்குக் கீழே போனால் குண்டு புரளும், 1.4 அல்லது 1.5 இருந்தால் நிம்மதி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் இந்த எண் இறங்கும். 1960-களில் அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளின் முறுக்கு 1:14-இலிருந்து 1:12-க்கு மாறியதற்குக் காரணமே கடுங்குளிரில் குண்டுகள் தடுமாறியதுதான். பின்னர் அதன் மேம்பட்ட வடிவமான எம்16ஏ2-வில் 1:7 வந்தது நீளமான குண்டுகளுக்காக, குறிப்பாக ஒளிக்கோடு விடும் டிரேசர் குண்டுக்காக.

அப்புறம், முறுக்கு மிகையானால்? விநாடிக்கு 3000 அடி வேகத்தில் 1:9 குழல் குண்டை நிமிடத்துக்கு 2,40,000 முறை சுழற்றுகிறது. 1:7 என்றால் மூன்று லட்சத்தைத் தாண்டும். மெல்லிய உறையுள்ள குண்டு அதில் பிய்ந்துபோகலாம். குண்டில் சிறு சமச்சீரின்மை இருந்தாலும் குழு விரியும், அதாவது தாளில் துளைகள் ஒன்றுக்கொன்று விலகி விழும். ஆனாலும் சந்தேகம் வந்தால் வேகமான முறுக்கின் பக்கமே சாய்வேன். குறைந்த முறுக்கு செய்யும் கெடுதல் அதைவிடப் பெரிது.

படி 5: தாளில் பாருங்கள்

அனுமதி பெற்ற சுடுதளத்தில், குண்டு எங்கே போனாலும் பின்மேடு தாங்கும் என்று தெரிந்த இடத்தில், முதலில் அருகிலிருந்து ஐந்து முறை சுடுங்கள். துளைகள் சுத்த வட்டமாக இருந்தால் தூரத்தைக் கூட்டலாம். நீள்வட்டமாகத் தெரிந்தால் குண்டு ஆடுகிறது. சாவித் துவாரம்போல் பக்கவாட்டில் கிழித்திருந்தால் அந்தக் குண்டை அந்தக் குழலில் மேலும் சுடாதீர்கள், நீளம் குறைந்ததை எடுத்துக்கொண்டு படி 3-க்குத் திரும்புங்கள்.