தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடு: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மா குடியிருக்கும் வீட்டுக்கு மாதம் தவறாமல் மாநகராட்சி பில் வரும். உறைமேல் தாத்தாவின் பெயர் இருக்கும். தாத்தா இறந்தது 2003-இல். அன்றிலிருந்து பெரியம்மாதான் பணம் கட்டுகிறார். ரசீதுகளை வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். போன வருஷம் அந்த டின்னை என் முன்னால் வைத்து, "இத்தனை வருஷமா நான்தானே கட்டுறேன், வீடு எனக்குத்தானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பதில் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் நிலமும் வீடும் யாருடையவை என்பதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் பதிவேடுதான் ஆதாரம். குவாசுலு-நட்டாலுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. பில் கட்டியது, கூரை மாற்றியது, அப்பா சாகும்போது "இது உனக்குத்தான்" என்று சொன்னது, எதுவும் அந்தப் பதிவேட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது.

இந்தத் தவறு நம்மிடையே ஏன் இவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் 60-களில் சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தன. பலர் நகராட்சி வீட்டுக்கு வாடகை கட்டிக் கட்டி, பல வருஷம் கழித்துத்தான் அதைத் தங்கள் பேருக்கு வாங்க முடிந்தது. எங்கள் வீட்டில் பத்திரம் கைக்கு வந்த அன்று ஆயா (பாட்டி) பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டாராம். அப்படி வந்த காகிதத்தைப் பூட்டி வைத்தோமே தவிர, தாத்தா போன பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை. கை வைத்தால் வீடு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையில் கை வைக்காமல் விட்டதால்தான் சிக்கல் வந்தது.

சொத்து வைத்திருந்தவர் இறந்தால் 14 நாளுக்குள் இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1965-ஆம் ஆண்டின் இறந்தவர் சொத்து நிர்வாகச் சட்டம். மொத்தச் சொத்து 2.5 லட்சம் ராண்டுக்குள் இருந்தால் எளிய முறையில் ஓர் அதிகாரக் கடிதம் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் நிறைவேற்றுநர் ஒருவரை நியமிப்பார்கள். அவர் கடன்களைத் தீர்த்து, கணக்குக் காட்டி, பிறகு வீட்டை வாரிசு பேருக்கு மாற்றுவார். அதுவரை வாரிசுகள் தாங்களாக அந்த வீட்டை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது.

தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். ஆயா முன்னமே போய்விட்டார், உயிலும் இல்லை. ஆக ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. இதற்கிடையே இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் பங்கு அவரவர் சொத்தோடு சேர்ந்துவிட்டதால், ஒரு கோப்பாக முடிய வேண்டியது இப்போது மூன்று கோப்பு. வீடு பெரியம்மாவுக்கே போக வேண்டும் என்று எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் அந்தச் சம்மதத்தை வாரிசுகளின் மறுபங்கீட்டு ஒப்பந்தமாக எழுதி, எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். 2003-இல் செய்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியபோதே முடிந்திருக்கும்.

வரி பயத்தாலும் பலர் தள்ளிப் போடுகிறார்கள். வாரிசாக வரும் வீட்டுக்குப் பெயர் மாற்ற வரி கிடையாது. நிறைவேற்றுநர் கட்டணமும் பத்திர வக்கீல் கட்டணமும்தான் முக்கியச் செலவு. நிறைவேற்றுநர் கட்டணம் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம் என்று விதிமுறை சொல்கிறது. குறைத்துக் கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மீதான எஸ்டேட் வரி 35 லட்சம் ராண்டுக்கு மேல்தான் தொடங்குகிறது.

உயில் விஷயத்தில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப் குரல்பதிவும் உயில் ஆகாது, காகிதத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் இருந்து கையெழுத்திட வேண்டும். இதில்தான் பெரிய குழி இருக்கிறது: உயிலால் பலன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போடக் கூடாது. போட்டால், கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்காவிட்டால், அந்தப் பலனையே இழக்க நேரிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகனுக்குத்தான் வீடு என்று உயில் இருந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்று மருமகளே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பார்த்துக்கொண்டவருக்கே வினையாக முடிந்தது அந்தக் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் போதும்.

அடுத்தது கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, ஊரெல்லாம் சாப்பிட்டுப் போனாலும், சட்டப்படி பதிவாகாத கல்யாணம் இந்த நாட்டில் முழுமையான திருமணமாக நிற்காது. உயில் இல்லாமல் கணவர் இறந்த ஒரு வழக்கில், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவியையும் துணைவியாகக் கருதி வாரிசுரிமை தர வேண்டும் என்று டர்பன் உயர்நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த பெண் கல்யாணப் போட்டோவையும் சாட்சிகளையும் தேடி அலைய வேண்டிய நிலை ஏன் வரவேண்டும்? கல்யாணத்தை நடத்திவைக்கும் ஐயர் பதிவு அதிகாரம் உள்ளவரா என்று முகூர்த்தம் குறிக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் உள்துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போய்ப் பதிந்துவிடுங்கள். ஒரு விஷயம்: பதிவுக்கு முன்பே தனிச் சொத்து ஒப்பந்தம் போடவில்லை என்றால், இருவர் சொத்தும் பொதுச் சொத்தாகிவிடும். பிறகு வீட்டை விற்க இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

வயதானவர்களிடம் பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அது அவர் இறந்த நிமிஷமே செல்லாது. அதைவிட முக்கியம், அவர் சுயநினைவு இழந்தாலும் இந்த நாட்டில் அது செல்லாது. அம்மாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகு அதைக் காட்டி வீட்டை விற்க முயல்வது வீண் வேலை. இதற்குப் பயந்து உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு வீட்டை எழுதிவிடுகிறார்கள் சிலர். மகனுக்குக் கடன் வந்தால், விவாகரத்து வந்தால், அந்த வீடும் சேர்ந்து போகலாம். தானமாகக் கொடுத்தால் ஆண்டு விலக்குக்கு மேற்பட்ட மதிப்புக்கு 20 சதவீதம் தானவரியும் உண்டு. அப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையைக் கொடுப்பவர் தனக்கென்று பத்திரத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும்.

இனி புதிதாக வாங்குபவர்களுக்கு. ஏஜெண்ட் நீட்டும் 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' வெறும் விருப்பக் கடிதம் இல்லை. விற்பவர் கையெழுத்திட்டதும் அதுவே ஒப்பந்தம். 2.5 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட வீட்டுக்கு, மனம் மாறிப் பின்வாங்கப் பொதுவாக அவகாசம் கிடையாது. ஆகவே வங்கிக் கடன் கிடைத்தால்தான் இது செல்லும் என்ற வரி, தேதியோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரை பெயர் மாற்ற வரி இல்லை. ஆனால் பத்திர வக்கீலைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் விற்பவர், பணம் கட்டுவது நீங்கள். அதற்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் பின்னால் ஒரு அவுட்பில்டிங் (தனியாகக் கட்டிய சிறு கட்டடம்) இல்லாத வீடு அபூர்வம். அதற்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில் வாங்கிவிட்டு, பிறகு கூரை ஒழுகுகிறது என்று போனால், விற்பவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். ஏஜெண்ட் மூலம் விற்கும் வீட்டுக்குக் குறைபாடுகளை எழுதித் தரும் படிவம் 2022 பிப்ரவரி முதல் கட்டாயம். அதைக் கேளுங்கள்.

வக்கீலின் வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் அப்படியே பணம் அனுப்பாதீர்கள். இடையில் யாரோ எண்ணை மாற்றி, ஒரு பெண்மணி 55 லட்சம் ராண்டை இழந்த வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு சொன்னது. உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், விற்பவர்கள் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே, கடனை முடிக்கப்போவதாக வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கடனை முடிக்கும்போது அபராத வட்டி விழும். வெளிநாட்டில் குடியேறிவிட்டவர் விற்கும் வீடு 20 லட்சம் ராண்டைத் தாண்டினால், வாங்குபவர் 7.5 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டியாக வேண்டும்.

பெரியம்மாவின் கோப்புக்கு மாஸ்டர் அலுவலகத்தில் எண் கிடைத்துவிட்டது. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் அந்த பிஸ்கட் டின்னின் அடியிலேயே, நான்காக மடித்துக் கிடந்தது. மெல்போர்னில் இருக்கும் சின்ன மாமா அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பும் காகிதம் இன்னும் வந்து சேரவில்லை.